மூன்று மொழிகளில் ஒரு படிப்பு: கிள்ளான் பள்ளத்தாக்கில் தாதியர் கல்வியின் வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளியைப் பேணும் தொழில் முதலில் ஆண்களின் கையில் இருந்தது. கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையின் தொடக்கம் 1870 எனக் கணக்கிடப்படுகிறது. அக்காலத்தில் அங்கே வந்து படுத்தவர்களில் பெரும்பாலோர் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள். பெரிபெரியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை வாரிக்கொண்டு போயின. புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து கலக்குவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் 'டிரெசர்' என்று அழைக்கப்பட்ட ஆண் உதவியாளரின் வேலை. பிறகு நகர மருத்துவமனைகளில் பெண் தாதியர் வந்தார்கள். ரப்பர்த் தோட்டங்களில் டிரெசரே நிலைத்தார். இரண்டு தொழிலிலும் தமிழர் நிறையப் பேர் இருந்தனர். இரண்டுக்கும் முறையான படிப்பும் தேர்வும் ஏற்பட்டன.

அந்தப் படிப்பு எந்தத் தலைமுறைக்கும் எளிதாக இருந்ததில்லை. உடற்கூறும் மருந்தியலும் எங்கும் கடினமான பாடங்கள்தான். ஆனால் மலாயாத் தமிழ் மாணவருக்கு அவற்றோடு இன்னொரு சுமையும் சேர்ந்தது: பாடம் எப்போதும் வீட்டு மொழியில் இல்லை. முதலில் ஆங்கிலம், பின்னர் மலாய், இப்போது இரண்டும் கலந்து என்று பயிற்சி மொழி மாறிக்கொண்டே வந்தது. இந்தச் சுமையைத் தாண்டியவர்கள் விடுதித் தோழியர், மூத்த தாதியர், இலவச வகுப்புகள் என்று ஏதாவதொரு கூட்டுத் துணையோடுதான் தாண்டினார்கள். அந்தத் துணை கிடைத்த காலத்தில் தேர்ச்சி பெருகியது. கிடைக்காத காலத்தில் தகுதியுள்ளவர்களும் பாதியில் நின்றார்கள்.

மானிப்பாயின் முன்னோடி முயற்சி

நவீன மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்பது மலாயாவுக்குத் தமிழர் பெருமளவில் வருவதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்துத் தேறிய மாணவர்கள் அரசு வேலைக்கும் பட்டணத்துக்கும் போய்விட, கிராமத்தில் மருத்துவர் இல்லாத நிலை தொடர்வதை அவர் கண்டார். ஆகவே 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். 'பிரசவ வைத்தியம்' 1857இலும் 'இரண வைத்தியம்' 1867இலும் வந்தன. கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் வெளியாயிற்று. வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. எலும்புக்கும் நரம்புக்கும் நோய்க்கும் தமிழில் பெயர் வைத்து, படம் சேர்த்து, ஒரு மாணவன் பாடம் முழுவதையும் தன் மொழியில் படித்து முடிக்கும் அளவுக்கு அந்த நூல்வரிசை வளர்ந்தது. 1898இல் இணுவிலில் எழுந்த மக்லியோட் பெண்கள் மருத்துவமனை பெண்களுக்குத் தாதிப் பயிற்சி தந்தது.

அந்த மரபு கடல் தாண்டி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ரயில்வேக்கும் கருவூலத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் பணியாளர்களாக மலாயா வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றி அவர்களது குடும்பங்கள் வேரூன்றின. ஆனால் அவர்களை மலாயாவுக்கு அழைத்தது அவர்களது ஆங்கிலக் கல்வி. அரசு மருத்துவத் துறையின் மொழியும் ஆங்கிலம். கிறீனின் நூல்களுக்கு இங்கே வகுப்பறை கிடைக்கவில்லை. மருத்துவமனையின் படிப்பு ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்திலேயே முக்கால் நூற்றாண்டு நடந்தது.

தோட்டத்து டிரெசர்

1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்தபோது கிள்ளான் நகரம் மலேரியாவில் மூழ்கிக் கிடந்தது. அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் சதுப்பை வடிகட்டி, காட்டை வெட்டி, வாய்க்கால் போடச் செய்தார். நோய் விரைவில் தணிந்தது. நகரத்தில் நடந்தது தோட்டங்களுக்குப் போய்ச் சேரக் காலம் பிடித்தது. 1911இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிகளை ஆஸ்பத்திரி வைக்கக் கட்டாயப்படுத்தின. அருகருகே இருந்த தோட்டங்கள் சேர்ந்து பொது ஆஸ்பத்திரி நடத்துவதும் வழக்கமாயிற்று.

தோட்ட ஆஸ்பத்திரிக்கு மருத்துவர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் எல்லாம் டிரெசர்தான். காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவன் உண்மையில் நோயாளியா என்று முடிவு செய்வது, பால்வெட்டுக் கத்தி பட்ட காயத்தைத் தைப்பது, பிரசவத்துக்கு உதவுவது, ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தைகளைப் பார்ப்பது, கழிவறையும் கிணறும் சுத்தமாக இருக்கிறதா என்று சுற்றி வருவது என்று அவரது நாள் நீண்டது. தோட்டத்துப் படிநிலையில் கிராணிக்கு (எழுத்தருக்கு) இணையான இடம் அவருக்கு இருந்தது.

இந்த வேலைக்கான படிப்பு பெரும்பாலும் தொழிற்பயிற்சியாகவே நடந்தது. இளைஞன் ஒரு மூத்த டிரெசரிடம் சேர்ந்து, பகலில் வேலை செய்து, இரவில் புத்தகம் பார்த்துத் தேர்வுக்குத் தயாரானான். முதலில் படிக்கப் பழக வேண்டியது மருத்துவரின் சீட்டு. லத்தீன் சொற்களின் சுருக்கெழுத்தில் அது இருக்கும்: 'டி.டி.எஸ்.' என்றால் நாளுக்கு மூன்று வேளை, 'பி.சி.' என்றால் உணவுக்குப் பின், 'எச்.எஸ்.' என்றால் உறங்கப் போகும்போது. ஆங்கிலமே பள்ளியில் கற்ற இரண்டாம் மொழியாக இருந்தவனுக்கு அதற்குள் ஒரு லத்தீனும் காத்திருந்தது. கொய்னா, கிரெயின் அளவில் நிறுக்கப்பட்டது. மருந்து நீர், அவுன்ஸிலும் டிராமிலும் அளக்கப்பட்டது. கலவைகளின் பெயரையும் அளவையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வது டிரெசர் படிப்பின் பாதி.

1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அதன் பிறகு டிரெசர் 'எச்.ஏ.' (ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட்) ஆனார். அச்சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு பெற்றவரே அந்தப் பெயரில் வேலை செய்யலாம் என்றாயிற்று. இந்தப் பதவிக்கு வந்தவர்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை முடித்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலத் தேர்வு எட்டாத உயரத்தில் இருந்தது. பத்து அடி தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தும், அதில் வேலை செய்யத் தேவையான கல்வி அவர்களது பள்ளியில் இல்லை.

பெண்கள் வந்த வழி

நீரிணைக் குடியேற்றங்களில் பெண் தாதிமை 1885இல் தொடங்கியது. அந்த ஆண்டு சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பணி ஏற்றார்கள். 1896இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட குடியேற்ற நாட்டுத் தாதியர் சங்கம், பயிற்சி பெற்ற ஆங்கிலேயத் தாதியரைக் கடல்கடந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. அவர்கள் 'சிஸ்டர்', 'மேட்ரன்' பதவிகளில் அமர்ந்து, உள்ளூர்ப் பெண்களைப் பயிற்சித் தாதியராகச் சேர்த்துக்கொண்டார்கள். மலாய் மக்களும் தமிழரும் தாதியை 'மிஸ்ஸி' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் பேச்சில் இருக்கிறது.

தொடக்கத்தில் இந்துத் தமிழ்க் குடும்பங்கள் தயங்கின. இரவுப் பணி, அந்நிய ஆணின் உடலைத் தொட்டுத் துடைப்பது, மலச்சட்டி எடுப்பது, வீட்டை விட்டு விடுதியில் தங்குவது ஆகிய எல்லாமே பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகும் என்ற அச்சம் இருந்தது. கான்வென்ட், மெதடிஸ்ட் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவத் தமிழ், மலையாள, யூரேசியப் பெண்கள் முன்னே வந்தார்கள். சம்பளமும் அரசுப் பணியின் உறுதியும் தெரிந்த பிறகு மற்றக் குடும்பங்களும் மனம் மாறின.

வேறு இரண்டு இடங்களிலும் பெண்கள் இத்தொழிலைக் கற்றார்கள். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில் நோயாளிகளே பயிற்சி பெற்று மற்ற நோயாளிகளைப் பேணினார்கள். வெளியிலிருந்து ஆள் வர அஞ்சிய அந்த இடத்தில், புண் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் அவர்களுக்குள்ளேயே கைமாறிய கல்வி. ஜப்பானியர் காலத்தில், 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தபோது அதன் தாதியர் பிரிவுக்குச் சாந்த் பீபி பெயர் வைக்கப்பட்டது. பர்மாவின் மேமியோவில் அப்படையினர் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தார்கள்.

ஆங்கிலத்தில் மூன்று ஆண்டுகள்

போருக்குப் பிறகு பயிற்சி ஒழுங்குபட்டது. 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் பதிவேட்டையும் வாரியத்தையும் ஏற்படுத்தியது. தேர்ச்சி பெறாதவர் தாதி என்று பணியாற்ற முடியாது என்ற நிலை வந்தது. முழுத் தாதிக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி; உதவித் தாதியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் குறுகிய பயிற்சி. 1954இல் பிரான்சிஸ்கன் மேரி மிஷனரி கன்னியர் பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையைத் தொடங்கினார்கள். 1961இல் அதன் தாதியர் பள்ளி எழுந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் டாக்டர் தம்பு ஜான் தனராஜ் என்ற தமிழர். அப்புலத்தின் பயிற்சி மருத்துவமனை 1967இல் இயங்கத் தொடங்கி, அதுவும் தாதியரைப் பயிற்றுவித்தது.

பிரிட்டிஷ் முறைப்படி முதல் சில வாரங்கள் வகுப்பறையில் கழியும். படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பது, நாடி பார்ப்பது, ஊசி கொதிக்க வைப்பது, எலும்புகளின் பெயர் சொல்வது எல்லாம் அங்கே. பிறகு வார்டு. அதன்பின் குறித்த இடைவெளிகளில் மீண்டும் வகுப்பறைக்கு அழைத்து அடுத்த கட்டப் பாடம். பயிற்சித் தாதி மாணவி மட்டும் அல்லள். வார்டின் உழைப்பில் பெரும்பங்கு அவளுடையது. இரவு முழுவதும் பணி பார்த்துவிட்டுக் காலை விரிவுரையில் கண் சொருகாமல் உட்காருவதே படிப்பின் கடினமான பகுதி என்று சொல்லத் தகும்.

மருந்துக் கணக்கு பலரைத் தடுத்து நிறுத்திய இடம். மார்ஃபின் கால் கிரெயின் மாத்திரையாக வரும். மருத்துவர் ஆறில் ஒரு பங்கு கிரெயின் எழுதியிருப்பார். மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதை 18 மினிம் நீரில் கரைத்து, 12 மினிமை ஊசியில் எடுத்துக்கொண்டு, மீதி ஆறைக் கொட்டிவிட வேண்டும். பின்னம் தடுமாறினால் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். மெட்ரிக் அளவு வந்து கிரெயினும் மினிமும் ஒழிந்தபோது, பழைய அளவில் பழகிய மூத்தவர்களும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்தைச் சுமக்க உதவியது விடுதி. கட்டுப்பாடு கடுமை, வெளியே போக அனுமதி வேண்டும், இரவு விளக்கு அணைக்கும் நேரம் உண்டு. ஆனால் தமிழ், சீன, மலாய், யூரேசியப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஆங்கிலம் நன்கு தெரிந்தவள் உரக்க வாசிக்க, கணக்கு வந்தவள் கணக்குச் சொல்ல, கைத்திறன் உள்ளவள் தோழியின் கையையே நோயாளியின் கையாக வைத்துக் கட்டுப் போட்டுக் காட்டினாள். முன் ஆண்டு மாணவியின் நோட்டு அடுத்த ஆண்டு மாணவிக்குப் போனது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கிடைத்ததால் சாப்பாட்டுக் கவலை இல்லை. தேறியதும் அரசுப் பணி உறுதி. கடினமான பாடம் இருந்தும் ஏழை வீட்டுப் பெண் அதில் நிலைத்து நிற்க இந்த ஏற்பாடு வழி செய்தது.

மொழி மாறிய தலைமுறை

1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பு மலாய்க்கு மாறியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1980களின் தொடக்கத்தில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முழுவதும் மலாயில் ஆயிற்று. இடைநிலைப் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வே தாதியர் பயிற்சிக்கு நுழைவாயில். தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் பழக வேண்டியிருந்தது. அந்த ஓராண்டு பிந்தலும், புதிய மொழியில் அறிவியல் கற்கும் தடுமாற்றமும் பலரைக் கலைப் பிரிவுக்குத் தள்ளின. தாதியர் பயிற்சி அறிவியலையும் கணிதத்தையும் கேட்டது.

அதே காலத்தில் வேறு கதவுகளும் குறுகின. 1968இன் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் தேவைப்பட்டது. தோட்டத்தில் பிறந்தும் குடியுரிமைச் சீட்டு வாங்காதிருந்த குடும்பங்கள் தவித்தன. 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் அரசுப் பயிற்சி இடங்களில் மலாய்ப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் வார்டுகளில் நிறையத் தெரிந்த இந்தியத் தாதியரின் விகிதம் தேய்ந்தது.

பயிற்சியில் சேர்ந்தவருக்கு மூன்று மொழிச் சூழல் உருவானது. விரிவுரையும் தேர்வும் மலாய்ப் பக்கம் சாய, தடித்த பாடநூல்களும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. 1985இல் திறக்கப்பட்ட கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் கட்டிலில் கிடந்த பாட்டியோ 'அடிவயிறு பிசையுது' என்றோ 'நெஞ்சை அடைக்குது' என்றோ தமிழில்தான் சொல்வார். அதை மருத்துவருக்கு விளக்கிச் சொல்ல வார்டு முழுக்கத் தமிழ்த் தாதியைத் தேடினார்கள். பாடத்திட்டத்தில் மதிப்பெண் இல்லாத அந்தத் திறமையால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல.

பள்ளி நிலையிலேயே இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சமூகம் முயன்றது. வரலாற்றாசிரியர் டாக்டர் மு. தம்பிராஜாவின் முயற்சியில் 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியது. பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதியில் எஸ்.பி.எம். மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். குழுவாகப் படிப்பது, பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதுவது, தேர்வுக்கு முன் கூட்டு வழிபாடு செய்வது அதன் முறை. விடுதித் தாதியர் தங்களுக்குள் நடத்திய அதே கூட்டுப் படிப்பு, இங்கே இயக்கமாக வளர்ந்தது.

தனியார் கல்லூரிகளின் காலம்

1990களில் தாதியர் சான்றிதழ் டிப்ளோமாவாக உயர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1993இல் பதிவு பெற்ற தாதியருக்குப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1996இன் தனியார் உயர்கல்விச் சட்டமும் 1997இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் தனியார் தாதியர் கல்லூரிகளுக்கு வழி திறந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய காலம் அது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள், அரசு இடம் கிடைக்காத மகளைக் கடன் வாங்கித் தாதியர் கல்லூரியில் சேர்த்தன.

பாடச்சுமையும் வளர்ந்தது. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், மருத்துவ-அறுவைத் தாதிமை, குழந்தை நலம், மனநலம், உளவியல், சட்டமும் ஒழுக்கமும் ஆகியவற்றை ஆறு பருவங்களில் முடிக்க வேண்டும். நோயாளியை ஆராய்ந்து, சிக்கலை வகுத்து, திட்டமிட்டு, செய்து, மதிப்பிட்டு எழுதும் பராமரிப்புத் திட்டம் பக்கக் கணக்கில் நீண்டது. வார்டில் செய்த ஒவ்வொரு செயலுக்கும் பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். கணக்கு மட்டும் மாறவில்லை: 500 மில்லிலிட்டர் உப்புநீரை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விடும் என்றால், 10,000 துளியை 240 நிமிடத்தால் வகுத்து நிமிடத்துக்கு 42 துளி என்று கண்டுபிடிக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி துளியை எண்ணிச் சரிசெய்யும் மாணவியின் பதற்றம், மினிம் காலத்து மாணவியின் பதற்றமேதான்.

எல்லாம் முடிந்த பிறகும் தாதியர் வாரியத்தின் தேர்வு ஒன்று நின்றது. அதில் தேறாதவர் கையில் டிப்ளோமாவும் தலையில் கடனும் இருந்தும் தாதி ஆக முடியாது. கல்லூரிகள் பெருகிய வேகத்தில் ஆசிரியரும் பயிற்சிக் கட்டில்களும் பெருகவில்லை. தரம் குறைவதையும் வேலையற்ற பட்டயதாரிகள் பெருகுவதையும் கண்ட அரசு, 2010இல் சேர்க்கைத் தகுதியை மூன்று எஸ்.பி.எம். கிரெடிட்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. தரத்துக்கு அது தேவையான முடிவு. ஆனால் கிரெடிட் குறைந்த மாணவியை மேலே தூக்கிவிடும் ஏற்பாடு அதோடு சேர்ந்து வரவில்லை. பழைய பயிற்சியில் இருந்த உதவித்தொகை, விடுதி, பணி உறுதி ஆகிய மூன்றும் தனியார் முறையில் தளர்ந்துவிட்டன. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, தினமும் ரயிலேறி வந்து, தனியாகப் படிக்கும் மாணவிக்குப் பாடம் இருமடங்கு கனத்தது.

தொற்றும் பிறகும்

2020இல் கோவிட் வந்தபோது வார்டுப் பயிற்சி தடைபட்டது. விரிவுரைகள் கைபேசிக்கு மாறின. சுங்கை பூலோ மருத்துவமனை நாட்டின் முதன்மைக் கோவிட் மருத்துவமனையாக இயங்கியது. 2021 ஜூலையில் கிள்ளான் மருத்துவமனை நிரம்பி, நோயாளிகள் கட்டடத்துக்கு வெளியே கூடாரத்திலும் கவனிக்கப்பட்டார்கள். பொம்மை உடலில் ஊசி போட்டுப் பழகிய மாணவர்கள், பின்னர் மெய்யான நோயாளியின் முன் கூடுதல் காலம் பயில வேண்டியிருந்தது. நாட்டுக்கு எத்தனை தாதியர் தேவை என்பதை அந்த ஆண்டுகளில் எல்லோரும் கண்கூடாகக் கண்டார்கள்.

இன்று தேறியவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். வெளிநாட்டுப் பதிவுக்கு மீண்டும் தேர்வுகள். பிரிட்டனுக்கு ஆங்கிலத் திறன் தேர்வும் உண்டு. மலாயில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், ஐம்பது ஆண்டுக்கு முன் பயிற்சி நடந்த மொழிக்கே மறுபடி தயாராகிறார்கள்.

நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் மாணவியின் அறிவு எந்தக் காலத்திலும் குறைவாக இருந்ததில்லை. பாடத்தின் மொழியும் வீட்டின் மொழியும் விலகியிருந்த தூரம், அந்தத் தூரத்தைக் கடக்கக் கிடைத்த துணை ஆகிய இரண்டுமே தேர்ச்சியைத் தீர்மானித்தன. கிறீன் தூரத்தையே குறைத்தார். விடுதிகளும் ஸ்ரீ முருகன் நிலையமும் துணையைக் கூட்டின. நுழைவுத் தகுதியை உயர்த்தும் ஒவ்வொரு முடிவோடும் உதவித்தொகை, வழிகாட்டும் மூத்த தாதி, சேர்ந்து படிக்க ஓர் இடம் ஆகியவற்றையும் இணைத்தால்தான், தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடியிலிருந்தும் வரும் பெண்கள் இத்தொழிலில் தொடர்ந்து நுழைய முடியும்.